அப்பவே சொன்னவர்

மழை வரும் என்று குடை எடுத்துப் போகிறவர்கள் சிலர். எடுக்காமல் போய் நனைகிறவர்கள் பலர். இந்த இரண்டிலும் சேராத ஒரு பிறவி உண்டு. நீங்கள் தொப்பலாக நனைந்து, தும்மிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்போது, உலர்ந்த சட்டையோடு கதவைத் திறந்து, உங்களை ஏற இறங்கப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லும் பிறவி. அவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். துண்டு எடுத்துக் கொடுப்பாரா என்று கேட்காதீர்கள். அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது.

இவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்க மாட்டார். அப்பவே சொன்னதாகச் சொல்வார். மச்சான் புதிதாக ஆரம்பித்த கடை படுத்துவிட்டால், கைகொடுக்க எல்லோருக்கும் முன்னால் ஓடி வருவார் என்று நினைப்பீர்கள். ஓடித்தான் வருவார், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தோடு. சாவு வீட்டுக்குப் போனாலும், முகத்தைச் சரியான அளவுக்குத் தொங்கப் போட்டு, குடும்பத்தாரிடம் இரண்டு வார்த்தை பேசி, மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி தேடி உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் காதில், "அந்த இருமலைக் கேட்டப்பவே சொன்னேன்" என்பார். யாரிடம் சொன்னார்? போனவரிடமா? அவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவரோடு ஒரே அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். எங்களுடையது சாலைக் கம்பெனி. மலையைக் குடைந்தும் வெட்டியும் வங்கிக் கடனில் ஒரு சாலை போட்டு, அதில் போகிறவர்களிடம் சுங்கம் வாங்கிக் கடனை அடைத்து, பிறகு சாலையை அரசாங்கத்திடம் ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்திருந்தது. அதில் எனக்கு அறிவிப்புப் பலகைகள் எழுதும் வேலை. "வளைவில் முந்தாதீர்கள், மலை எங்கும் போய்விடாது" என்ற அமர வரி என்னுடையதுதான். அவர் பராமரிப்புத் தலைவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். நாங்கள் அழைத்தது 'அப்பவே சார்' என்று. நேரில் 'சார்' மட்டும்.

அவருடைய தொழில்நுட்பம் எளிதானது. ஆனால் எல்லோருக்கும் கைவராது. ஒரு காரியம் நடப்பதற்கு முன்னால் அவர் 'ம்' என்பார். அவ்வளவுதான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் சம்மதம், மறுப்பு என்று எடுத்துக்கொண்டால் மறுப்பு, தொண்டையில் ஏதோ சிக்கியது என்று எடுத்துக்கொண்டால் அதுவும் சரி. சுரங்கப்பாதை வேலை ஆரம்பிக்கும் முன் நடந்த கூட்டத்தில், "உள்ளே தண்ணி வருமா?" என்று முதலாளி இவரைப் பார்த்துக் கேட்டபோது, இவர் கூரையைப் பார்த்து ஒரு நீண்ட 'ம்' போட்டதை நானே கேட்டேன். தண்ணீர் வந்தது. கொஞ்சநஞ்சமல்ல, குடைந்துகொண்டிருந்த இயந்திரம் இடுப்பளவு சேற்றில் நின்று, வேலை மாதக்கணக்கில் முடங்கியது. இவர் சுரங்க வாசலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்று, உள்ளேயிருந்து ஓடி வந்த ஒவ்வொரு தொழிலாளியிடமும் தனித்தனியாகச் சொன்னார். "தண்ணி இருக்கும்னு அன்னைக்கே கூட்டத்தில சொன்னேன். யாரு கேட்டா?"

சுங்கச் சாவடி கட்டினோம். முதல் நாளே ஒரு பெரிய லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடி, பணம் வாங்கும் கூண்டின் ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போனது. வழி குறுகல் என்று அப்பவே சொன்னாராம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி வரும் என்று நிபுணர்கள் வரைந்து கொடுத்த கோடு கூரையைப் பார்த்து ஏறியது. வந்த வண்டிகளோ எங்கள் தலையெழுத்தைப் பார்த்து இறங்கின. பாதிப் பேர் பழைய சாலையிலேயே சுற்றிக்கொண்டு போனார்கள். அதையும் அப்பவே சொன்னாராம். ஒருமுறை எனக்குப் பொறுக்கவில்லை. "எப்ப சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க அன்னைக்கு லீவு" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வீட்டில் நிலைமை எப்படி? அவர் மனைவியும் என் மனைவியும் தோழிகள் என்பதால் செய்திகள் சூடு ஆறாமல் வந்து சேரும். அந்த அம்மாள் ஒருநாள் கண்ணாடி ஜாடியைக் கைதவறிப் போட்டுவிட்டாராம். சத்தம் கேட்டுக் கூடத்திலிருந்து எழுந்து வந்தவர் வாயைத் திறந்ததும், "வேண்டாம். அந்த வார்த்தையை மட்டும் சொல்லிடாதீங்க, இன்னொரு ஜாடி இருக்கு" என்றாராம் அந்த அம்மாள். மனிதர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு செய்தித்தாளிடம் மெதுவாக அதைச் சொன்னாராம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு மழைக்காலம் வந்தது.

சாலை திறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. அடைமழை. மழையிலும் எங்கள் சாலை பத்திரமானது என்று ஒரு விளம்பரம் எழுதுவதற்காக, காலையில் அவர் சுற்றிப் பார்க்கப் போகும் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். சுரங்கத்தைத் தாண்டி வரும் பெரிய வளைவில், மலையைச் செங்குத்தாக வெட்டி, அடியில் ஒரு தடுப்புச் சுவர் கட்டியிருந்தோம். மலைக்குள் இறங்கும் தண்ணீர் வெளியே வர, அந்தச் சுவரில் வரிசையாகக் குழாய்கள். சாதாரணத் தூறலுக்கே அவற்றிலிருந்து தண்ணீர் கொட்டும். அன்று வானமே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. குழாய்களில் ஒரு சொட்டுக்கூட இல்லை. அதற்குப் பதிலாக, சுவருக்கு மேலே, வெறும் சரிவின் நடுவயிற்றிலிருந்து, பால் அதிகமான காப்பி நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. உச்சியில் நேராக நட்டிருந்த வேலிக்கம்பங்கள், கூட்டத்தில் எட்டிப் பார்ப்பவர்களைப் போல, சாலையை நோக்கிக் குனிந்திருந்தன.

ஜீப்பை நிறுத்தி இறங்கினார். குடையை விரிக்க மறந்துவிட்டார். நான் காத்திருந்தேன். எதற்கு? அந்த வாக்கியத்துக்குத்தான். "குழாய் அடைச்சுக்கும்னு அப்பவே..." என்று ஆரம்பிப்பார், நானும் ஜீப்பில் உட்கார்ந்தபடியே தலையாட்டிவிட்டுப் படம் எடுக்கலாம் என்று இருந்தேன்.

வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்னும் எதுவும் நடக்கவில்லையே! மனிதர் வாழ்நாள் முழுவதும் நடந்து முடிந்தவற்றின் பக்கத்திலேயே நின்று பழகியவர். நடக்காத ஒன்றின் முன்னால் இப்படித் தனியாக அவரை யாரும் நிறுத்தியதில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் எங்களைக் கடந்து, அந்தச் சரிவின் அடியில் போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். பஸ் வளைவு திரும்பி மறையும்வரை இவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. பிறகு ஜீப்புக்குள் கையை விட்டு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

மறுமுனையில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண். துடுக்கான பிள்ளை, கேமரா திரைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு சாலை முழுவதையும் அதட்டி மேய்ப்பவள். "சொல்லுங்க சார்."

"பெரிய வளைவு. சரிவு ஒரு மாதிரியா இருக்கு."

"ரோட்டை மூடணுமா சார்?"

"ம்" என்றார்.

"சார், 'ம்'னா மூடவா, வேண்டாமா?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்டதில்லை. மழை அவர் தலையில் விழுந்து, மூக்கு நுனியில் சேர்ந்து சொட்டியது. என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"மூடு" என்றார். "ரெண்டு பக்கமும் மூடு. ஒரு வண்டிகூட விடாதே."

"யார் சொன்னதுன்னு சொல்றது சார்?"

"நான். நான் சொன்னேன்." ஒரு கணம் நிறுத்தினார். "இப்ப சொல்றேன்."

முதலாளியின் தொலைபேசி வர அதிக நேரம் ஆகவில்லை. குரல் ஜீப்புக்குள் இருந்த எனக்கே கேட்டது.

"என்னய்யா, மலை விழுந்துடுச்சா?"

"இல்ல சார்."

"விழப்போகுதா?"

"தெரியல சார்."

"தெரியாமலா ரோட்டை மூடின?"

"விழுந்தா தெரிஞ்சிடும் சார். அப்ப மூடிப் பிரயோஜனம் இல்ல."

முதலாளி போனை வைத்துவிட்டார். இவருக்குள் இப்படி ஒரு வாக்கியம் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தது?

இனிமேல் மலை என்ன செய்ய வேண்டும்? நியாயமாகப் பார்த்தால், மனிதர் முதல்முறையாக வாயைத் திறந்து முன்கூட்டிச் சொல்லியிருக்கிறார். ஒரு மரியாதைக்காவது அன்று சாயங்காலம் விழுந்திருக்க வேண்டாமா? மலைக்கு அந்த இங்கிதம் கிடையாது. மறுநாள் மழை விட்டது. வெயில் அடித்தது. சரிவு குளித்துத் தலை துவட்டியதுபோலப் பளபளவென்று நின்றது. இரண்டு பக்கமும் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டின. ஓட்டுநர்கள் கீழே இறங்கி, இடுப்பில் கைவைத்து, அண்ணாந்து பார்த்து, "இதுவா விழப்போகுது?" என்று கேட்டார்கள். அதற்கடுத்த நாள் ஒரு கல் விழுந்தது. பூசணிக்காய் அளவு. அதுவும் அவசரமில்லாமல் உருண்டு வந்து, சாலை ஓரத்தில் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கணக்குப் பிரிவுத் தலைவர் ஆள் அனுப்பி அதை எடுத்துவரச் சொல்லி, அப்பவே சாரின் மேஜைமேல், பேனாத் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தார். அலுவலகமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அந்த நாட்களில் எங்கள் கேன்டீனில் நீங்கள் இருந்திருக்க வேண்டும். "இவர் கையில அதிகாரத்தைக் கொடுக்கும்போதே சொன்னேன்" என்றார் கணக்குப் பிரிவுத் தலைவர். "அந்த ஆளு முழி சரியில்லைன்னு சேர்ந்த அன்னைக்கே சொன்னேன்" என்றார் கடன் பணத்தைக் கண்காணிக்க வங்கியிலிருந்து வந்து தங்கியிருந்த மேற்பார்வையாளர். வடை போடுகிறவர், வண்டி கழுவுகிறவர், ஒருவர் பாக்கியில்லை. அப்பவே சார் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து, தன்னுடைய வாக்கியத்தையே ஒவ்வொருவர் வாயிலும் கேட்டபடி, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

வீட்டில் நடந்ததை அவரே பின்னால் ஜீப்பில் சொன்னார். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவரை மனைவி பிடித்து உட்கார வைத்தாராம்.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"விழலைன்னா என்ன பண்றதுன்னு..."

"விழணும்னு நினைக்கிறீங்களா?"

ஆளில்லாத நேரத்தில், யார் தலையிலும் படாமல், ஒரே ஒரு தடவை, கொஞ்சமாக விழுந்து காட்டினால் போதும் என்று காலையிலிருந்து மலையைக் கெஞ்சிக்கொண்டிருந்ததை மனைவியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தானே உணர்ந்தாராம்.

"விழாம இருந்தா நல்லதுதானே?" என்றாராம் அந்த அம்மாள். "ஊருக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்குக் கொஞ்சம் அசிங்கம். அவ்வளவுதான். அசிங்கப்பட்டு யாரும் செத்ததில்ல. வந்து சாப்பிடுங்க."

மறுநாள் காலை முதலாளி நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே வங்கி மேற்பார்வையாளரும் கணக்குப் பிரிவும். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனால் இதைப் பார்க்காமல் எப்படி இருப்பது? அறிவிப்பு எழுதச் சொல்வார்கள் என்ற சாக்கில் நானும் உள்ளே நுழைந்து, சுவரோடு சுவராக நின்றுகொண்டேன்.

"போதும் விளையாட்டு" என்றார் முதலாளி. "ரோட்டைத் திற."

"மலை நிபுணர் வந்து பார்க்கட்டும் சார். அவங்க சரின்னா திறந்துடலாம்" என்றார் அப்பவே சார்.

"நீ யாருய்யா எனக்குச் சொல்ல? இந்த நிமிஷம் உன்னை வீட்டுக்கு அனுப்ப முடியும், தெரியுமா?"

"அனுப்புங்க சார். அனுப்பிட்டு நீங்களே திறக்கச் சொல்லுங்க." மேஜைமேல் இருந்த மைக்கை எடுத்து முதலாளியின் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு சாவடிக்கும் கேட்கும். திறக்கச் சொல்றது நீங்கதான்னு மட்டும் தெளிவா சொல்லிடுங்க."

முதலாளி மைக்கைப் பிடுங்கினார். திரையில் அந்தச் சரிவு தெரிந்தது. அதன் நடுவயிற்றில் இன்னமும் அந்தப் பழுப்புக் கறை, வெயிலில் காயாமல், ஈரமாக. முதலாளி அதைப் பார்த்தார். வங்கி மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைக்கடிகாரத்தில் ஏதோ பழுது கண்டுபிடித்திருந்தார். கணக்குப் பிரிவு இரண்டடி பின்வாங்கிக் கதவோரம் போயிருந்தது. முதலாளி வாயை மைக்கருகே கொண்டுபோனார்.

"ம்..." என்றார்.

அந்தப் பெண் திரும்பினாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "சார், 'ம்'னா திறக்கவா, வேண்டாமா?"

முதலாளி மைக்கை மேஜைமேல் வைத்தார், கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோல. "அந்த நிபுணரை வரச் சொல்லு" என்றார்.

நிபுணர் வந்தார். முட்டிவரை பூட்ஸ் போட்ட, அதிகம் பேசாத பெண்மணி. சரிவின்மேல் கயிறு கட்டி ஏறினார், இறங்கினார், மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். துளை போடும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி, கசிவுக்குக் கீழே மலைக்குள் நீளமாக ஒரு துளை போட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. முதலாளி, வெள்ளைச் சட்டையில், அருகில் போய்க் குனிந்து துளைக்குள் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. உள்ளே நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்த தண்ணீர் சேறும் சகதியுமாகப் பீறிட்டு, அவருடைய நெஞ்சில் அறைந்தது. அடுத்தடுத்துப் போட்ட துளைகளிலும் அப்படியே. மூன்று பகல் ஓடியும் தண்ணீர் தெளியவில்லை.

"விழுந்திருக்குமா?" என்று அப்பவே சார் நிபுணரைக் கேட்டார். கேட்காமல் இருக்க முடியுமா?

"விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம்" என்றார் நிபுணர், பூட்ஸிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டே. "ஆனா இவ்வளவு தண்ணியை உள்ளே வச்சுக்கிட்டு நிக்கிற மலைக்குக் கீழே, நான் வண்டியை நிறுத்தி டீ குடிக்க மாட்டேன்."

அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தீர்ப்பு. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வேறு ஆளாக இருந்தால் நிபுணரைப் பிடித்து உலுக்கியிருப்பார். இவர் நிபுணருக்கு டீ வாங்கிவரப் போனார், சரிவுக்கு எட்டாத தூரத்துக் கடையிலிருந்து.

சாலையை மறுபடி திறந்த அன்று பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். முதலாளி புதுச் சட்டையில் நின்று, "இந்தச் சரிவைப் பத்தி ஆரம்பத்திலிருந்தே நான் எச்சரிக்கையா இருக்கச் சொல்லிட்டிருந்தேன்" என்றார். கணக்குப் பிரிவுத் தலைவர், மூடுவதுதான் சிக்கனம் என்று தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார். வங்கி மேற்பார்வையாளர் வங்கி அப்பவே சொன்னதாகச் சொன்னார். இத்தனை பேர் சொல்லியிருந்தால் மலைக்கே அது காதில் விழுந்திருக்குமே! ஒரு நிருபர் இவர் பக்கம் திரும்பினார். "நீங்கதானே சார் மூடினது? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். முப்பது வருடமாக அவர் தேடி அலைந்த கேள்வி, தானாக நடந்து வந்து, மைக்கை நீட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறது.

"தெரியாது" என்றார் அவர். "பயமா இருந்துச்சு. அதான் மூடினேன்."

இதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. இது ஒரு செய்தியா?

அதற்காக மனிதர் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொன்னால் நம்பாதீர்கள். போன வாரம் ஜீப் டயர் வெடித்து, இருவரும் ஓரமாக நின்றோம். டயரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கண்ணில் அந்தப் பழைய ஒளி வந்துவிட்டது. "இந்த டயரைப் பார்த்தப்பவே நான்..." என்று ஆரம்பித்தவர், என்னைப் பார்த்ததும் நின்று, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "...சொல்லியிருக்கணும்" என்று முடித்தார். பிறகு இருவருமாகச் சக்கரத்தைக் கழற்றினோம்.

ஆகவே, அவரை அந்த இனத்திலிருந்து பாதி விடுவித்துவிடலாம். காலியான இடத்துக்கு ஆள் பஞ்சம் இருக்காது. கடைசிவரை மலை விழாது என்பதும், மனிதர் நிருபரிடம் பெருமையடித்துக்கொள்ள மாட்டார் என்பதும் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, இல்லையா? அந்த ஜீப் நிற்கும்போதே கதை எங்கே போகிறது என்று யூகித்துவிட்டதாக இப்போது உங்களுக்குத் தோன்றுகிறது. இருக்கலாம். ஆனால் அப்பவே நீங்கள் சொன்னதாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள், அவருக்காவது கேட்டதா என்று.